ஒற்றைத் தடம்

ஸ்டான்லி வீதிக் கடையில்
நாலு டெராபைட் வன்தட்டை
உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார் ஆரூரன்.
பலாப்பழம் என்றால் தட்டியும் பார்த்திருப்பார்.
"எல்லாம் ஆக உயர்ந்த தரத்திலை இருக்கவேணும்.
ஒரு புள்ளியும் குறையக்கூடாது."

கூட்டுறவு வங்கியில் எனக்குக் கணக்கு வேலை.
படமொன்றுக்கு அறுபது கிகாபைட் என்றால்
அறுபத்தாறோடு தட்டு நிரம்பும்.
எங்களிடம் நானூற்றுப் பன்னிரண்டு.
மிச்சத்தை எங்கே வைக்கிறது,
அரிசி வாளிக்குள்ளா?

ஆகவே இரவிரவாய்ச் சுருக்கினேன்.
மழைக் காட்சி தின்னும் அளவுக்கு
வேறெதுவும் தின்பதில்லை,
ஒவ்வொரு துளியும் தனக்கென்று இடம் கேட்கும்.
நீதிமன்றக் காட்சிகள் நல்லவை.
சுவர் அசையாது, நீதவானும் அசையார்.
இருபத்தாறில் வைத்தபோது
இருட்டு கட்டங் கட்டமாய் உடைந்தது,
கதாநாயகியின் கன்னம் மெழுகாயிற்று.
பதினெட்டுக்கு இறங்கினேன். பரு திரும்பி வந்தது.
ஒன்பதாவது மணித்தியாலத்தில் கறண்ட் போனது.
மறுபடி முதலிலிருந்து.

ஒலியில்தான் சண்டை.
துளியும் இழப்பில்லாத ஒலி வேண்டுமாம்.
கண்ணைக் கட்டிவிட்டு
ஒரே பாட்டை மூன்று விதமாய்ப் போட்டேன்.
ஆக மெலிந்ததைக் காட்டி
"இதுதான் ஒரிஜினல்" என்றார்.
வென்றவள் சிரிக்கவேண்டும்.
எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

ஆறு வயதில் கூகைக்கட்டு வந்து
அவருடைய இடது காதை எடுத்துக்கொண்டு போனது.
பத்துப் பொருத்தத்தில் காது இல்லை,
அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.
கலியாணமாகி மூன்றாம் மாதம் நானாய்க் கண்டுபிடித்தேன்:
கோபம் வந்தால்
வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுப்பார்.
அதைவிட மலிவான கதவு
எந்தத் தச்சனும் செய்ததில்லை.

அப்படியென்றால்
நானூற்றுப் பன்னிரண்டு படங்களிலும்
இடப்பக்கத்தால் வந்த லொறி எதுவும்
ஹெட்போனில் அவருக்கு வந்ததேயில்லை.
விபத்து மட்டும் நடந்திருக்கிறது.
இடது தடத்தில் வைத்த வயலின்களெல்லாம்
ஒரு புள்ளியும் குறையாமல்
காதில்லாத இடத்தில் வாசித்து முடிந்திருக்கின்றன.

இரண்டு தடத்தையும் கூட்டினேன்,
இரண்டால் பிரித்தேன்,
ஒன்றாக்கி வைத்தேன்.
தரம் பார்க்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்ளட்டும்.
கோப்பும் சிறுத்தது.

எங்கள் கலியாண வீடியோவைத்தான் முதலில் போட்டார்.
மணவறைக்குப் பின்னால் நின்ற இரண்டாவது கமெரா எடுத்தது.
ஒருவரும் பார்க்காத பகுதி:
ஐயரின் குடுமி, என் கொண்டை, அரைவாசி மின்விசிறி.
தாலி ஏறியபின்
வலப்பக்கமிருந்த என்னை எழுப்பி
இடப்பக்கம் மாற்றி இருத்துகிறார்கள்.
தவில்காரர் வெற்றிலைக்கு ஓய்கிற ஒரு மூச்சு.
நாற்பத்து மூன்றாம் நிமிடம்.

ஆரூரன் ஹெட்போனை அழுத்திப் பிடித்தார்.
பின்னுக்கு இழுத்தார். கேட்டார்.
இன்னொருக்கால் இழுத்தார்.

"நீர் என்னவோ சொல்லுறீர்."
"ஓம்."
"பசிக்குது எண்டு சொல்லுறீர்."
"ஓம்."
"நான் திரும்பியும் பாக்கேல்லை."

அன்று முழுக்க இந்த மனிசனுக்கு
எவ்வளவு தலைக்கனம் என்று எண்ணிக்கொண்டிருந்தவள்
இன்று அதைச் சொல்லாமல் விட்டேன்.
சில தரவுகளைச் சுருக்கலாம்.

பதினொரு வருசம் பிந்தி
இரவு பத்தே முக்காலுக்குக்
குசினியில் வெளிச்சம் எரிந்தது.
இடியப்பம் மிச்சம் இருக்கு,
சொதியைச் சூடாக்கவோ எண்டு
இரண்டு தரம் கேட்டாராம்.

ஹெட்போன் அப்போது
என் தலையில் இருந்தது.